வேலை பார்த்துக்கொண்டே டிரான்ஸ்ஃபர் ஆகும் மாணவருக்கு எந்த ஸ்காலர்ஷிப் கைகொடுக்கும்?

அமெரிக்காவில் காலேஜ் ஸ்காலர்ஷிப் என்று தேடினால் முதலில் வந்து நிற்பவை எல்லாம் பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கானவை. எஸ்ஏடி மதிப்பெண் என்ன, பள்ளியில் எத்தனையாவது ரேங்க், எந்த விளையாட்டு ஆடினாய் என்று கேட்கும் படிவங்கள். முப்பத்தெட்டு வயதில், பகல் முழுக்க ஒரு கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றுவிட்டு, மாலையில் இரண்டு வருட கம்யூனிட்டி காலேஜ் வகுப்புக்கு ஓடி, இப்போது நான்கு வருடப் பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆகப் போகிறவருக்கு அந்தப் பட்டியலைப் பார்த்ததும் நமக்கு இங்கே ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். ஒன்றுமில்லாமல் இல்லை. அவருக்கான பணம் வேறு இடங்களில் இருக்கிறது, அங்கே தேட யாரும் சொல்லித் தருவதில்லை.

நம் ஆட்களில் இப்படிப் படிக்கிறவர்களை நான் தொடர்ந்து சந்திக்கிறேன். கல்யாணத்துக்காகப் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவர்கள், பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் நர்சிங்கோ அக்கவுண்டிங்கோ படிக்கத் தொடங்கியவர்கள், இலங்கையிலிருந்து போர்க்காலத்தில் வந்து ஏ லெவலோடு நின்றுபோனவர்கள். இவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு. பேச்சு காற்றில் போகாமல் இருக்க ஓர் உதாரணத்தைக் கையில் வைத்துக்கொள்வோம். நியூஜெர்சியின் எடிசனில் வசிக்கும் ஓர் அக்கா. வயது 39. ஊரில் பி.காம். இரண்டாம் வருடத்தோடு நின்றது. க்ரீன் கார்டு இருக்கிறது. மருந்துக்கடையில் வாரம் முப்பது மணி நேர வேலை. மிடில்செக்ஸ் காலேஜில் அசோசியேட் டிகிரி என்ற இரண்டு வருடப் பட்டத்தை முடிக்கப் போகிறார், அடுத்து மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸில் அக்கவுண்டிங் சேர எண்ணம். கணவருக்கும் வேலை, இரண்டு பிள்ளைகள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அக்காவிடம் பணத்தைவிடக் குறைவாக இருப்பது நேரம். வாரத்தில் மிஞ்சும் மூன்று, நான்கு மணி நேரத்தை நாடு முழுக்க எல்லோரும் மோதும் ஸ்காலர்ஷிப்புகளில் செலவழிப்பது நஷ்டம். போட்டியாளர் எண்ணிக்கை இயல்பாகவே குறைந்திருக்கும் இடங்களுக்குத்தான் முதலில் போக வேண்டும். அதாவது சேரப் போகும் கல்லூரி, வேலை தரும் நிறுவனம், வயதையும் படிப்பில் விழுந்த இடைவெளியையும் தகுதியாகவே கேட்கும் சில அறக்கட்டளைகள். இவற்றுக்கெல்லாம் முன்னால் ஃபாஃப்சா.

ஃபாஃப்சாவும் மாநில உதவியும்

ஃபாஃப்சா ஸ்காலர்ஷிப் ஆகாதே என்பார்கள். சரி, ஆகாது. மத்திய அரசின் இலவச உதவி விண்ணப்பம் அது. ஆனாலும் அதை நிரப்பாவிட்டால் மாநில உதவி, கல்லூரியின் தேவை சார்ந்த உதவி, பல தனியார் ஸ்காலர்ஷிப் எல்லாமே நின்றுவிடும். ஸ்டூடண்ட்எய்ட் டாட் கவ் தளத்தில் காசில்லாமல் நிரப்பலாம். நிரப்பித் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் போகவே வேண்டாம்.

இங்கே வயது ஒரு சாதகம். 24 வயது முடிந்தவர், அல்லது திருமணமானவர், சுதந்திர மாணவராகக் கணக்கில் வருவார். பெற்றோர் வருமானத்தைக் கேட்க மாட்டார்கள். வருமானம் குறைந்த மாணவருக்கு மத்திய அரசு தரும் பெல் கிராண்டுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. 2025-26 கல்வியாண்டில் அதன் உச்சத் தொகை 7,395 டாலர். திருப்பிக் கட்ட வேண்டாம். முழுநேரம் படிக்க வேண்டும் என்பதும் இல்லை, எடுக்கும் கிரெடிட்டுக்கு (பாட அலகுக்கு) ஏற்ப விகிதப்படி தருவார்கள். மொத்தமாகப் பன்னிரண்டு செமஸ்டர் அளவுக்குத்தான் வாழ்நாள் வரம்பு. கம்யூனிட்டி காலேஜில் எவ்வளவு செலவாகிவிட்டது என்பது அதே தளத்தில் உங்கள் கணக்கிலேயே தெரியும்.

இப்போது நம்மவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம். பெல் கிராண்ட் முதல் பட்டத்துக்கு மட்டுமே. ஊரில் வாங்கிய பி.இ., பி.எஸ்சி. எல்லாம் இங்கே வேலைக்கு மதிப்பில்லாமல் போயிருக்கலாம், ஆனால் இந்த விதிக்கு அவையும் பட்டம்தான். மூன்று வருடப் பட்டத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்பதைக் கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்திடம் நேரில் கேட்டுவிடுங்கள். படிவத்தில் மறைப்பது மட்டும் கூடவே கூடாது. மத்திய அரசுப் படிவத்தில் பொய் சொன்னால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டுவதோடு முடியாது. எடிசன் அக்கா பி.காம். முடிக்கவில்லை என்பதால் அவர் இந்த வரிசையில் நிற்கலாம். அன்று பாதியில் விட்டதை நினைத்து இத்தனை வருடம் வருந்தியவருக்கு இந்த ஒரு இடத்தில் அதுவே துணைக்கு வருகிறது.

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தினருக்கான விசா) இருப்பவருக்கு மத்திய அரசு உதவி கிடையாது. அவர்கள் நேராக அடுத்த பகுதிக்குப் போகலாம். மாநிலக் குடியிருப்போருக்கான கட்டணத்துக்குத் தகுதி உண்டா என்பதை மட்டும் சேரும் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. வெளிமாநிலக் கட்டணத்துக்கும் உள்ளூர்க் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம் எந்த ஸ்காலர்ஷிப்பையும்விடப் பெரிதாக இருக்கலாம்.

இன்னொரு விஷயம். ஃபாஃப்சா இரண்டு வருடம் பழைய வருமானத்தைப் பார்க்கிறது. 2026-27க்கு 2024ஆம் ஆண்டின் வரிக் கணக்கு. இடையில் வேலை நேரத்தைக் குறைத்திருந்தாலோ கணவருக்கு வேலை போயிருந்தாலோ அந்தப் பழைய எண் உங்கள் நிலைமையைக் காட்டாது. நிதி உதவி அலுவலகத்தில் வருமானத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கேட்கலாம். அதற்கு அவர்களுக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு. புதிய சம்பளச் சீட்டு, வேலை நீக்கக் கடிதம் இரண்டையும் கொண்டுபோனால் போதும். இதைக் கேட்டு ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் தொகையை ஐந்து ஸ்காலர்ஷிப் கட்டுரை எழுதியும் வெல்ல முடியாமல் போகலாம்.

மாநில உதவிகளில் பெரியவர்களுக்கென்றே வந்தவை சில இருக்கின்றன. டென்னசி 2018லும், மிச்சிகன் 2021லும், மாசசூசெட்ஸ் 2023லும் ரீகனெக்ட் என்ற பெயரில் தொடங்கின. ஆனால் இவை பெரும்பாலும் கம்யூனிட்டி காலேஜ் கட்டணத்துக்குத்தான். டிரான்ஸ்ஃபர் ஆன பிறகு தொடராது. நியூஜெர்சியில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே கார்டன் ஸ்டேட் கியாரண்டி என்ற திட்டம் அரசுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம், நான்காம் வருடத்தையே குறிவைக்கிறது. வருமான வரம்புக்குள் இருப்பவருக்குக் கல்விக் கட்டணத்தை வருமானத்தைப் பொறுத்துக் குறைக்கும், வருமானம் மிகக் குறைவு என்றால் ஏறக்குறைய முழுதாகவே. சிக்கல் ஒன்றுதான், முழுநேரம் படிக்க வேண்டும். அதே மாநிலத்தின் என்ஜே ஸ்டார்ஸ் பற்றியும் அக்காவிடம் யாராவது சொல்வார்கள். அது பள்ளியில் முதல் 15 சதவீதத்துக்குள் வந்து அண்மையில் முடித்த பிள்ளைகளுக்கு. அதற்காக ஒரு நிமிடம்கூடச் செலவிட வேண்டாம்.

சேரப் போகும் கல்லூரியின் சொந்தப் பணம்

டிரான்ஸ்ஃபர் மாணவருக்கு நம்பகமானதும், போட்டி குறைந்ததும், நான் முதலில் போகச் சொல்வதும் இதுதான். பல பல்கலைக்கழகங்கள் டிரான்ஸ்ஃபர் மாணவருக்கென்று தனி ஸ்காலர்ஷிப் வைத்திருக்கின்றன. சில இடங்களில் ஜிபிஏ (4க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) ஒரு அளவுக்கு மேல் இருந்தால் சேர்க்கைக் கடிதத்தோடு தானாகவே வரும். சில இடங்களில் துறைக்குள்ளேயே இருக்கும். அக்கவுண்டிங் துறையில் ஒரு முன்னாள் மாணவர் வைத்துவிட்டுப் போன நிதி, நர்சிங் பள்ளியில் ஒரு மருத்துவமனை தருவது என்று. இவற்றை வெளித் தளங்களில் தேடினால் சிக்காது. துறை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட வேண்டும்.

அந்த மின்னஞ்சலில் என்ன கேட்பது? எங்கள் வீட்டு மேஜையில் வைத்து ஒருவருக்கு எழுதிக் கொடுத்தது கிட்டத்தட்ட இப்படி: "நான் இந்த ஆண்டு டிரான்ஸ்ஃபர் ஆகிறேன், வேலை பார்க்கிறேன், செமஸ்டருக்கு 6 அல்லது 9 கிரெடிட்தான் எடுக்க முடியும். பகுதிநேர டிரான்ஸ்ஃபர் மாணவருக்குத் தகுதியான ஸ்காலர்ஷிப் எவை? தனி விண்ணப்பம் வேண்டுமா? முன்னுரிமைக் கடைசித் தேதி எது? ஸ்ப்ரிங்கில் சேர்ந்தால் கிடைக்குமா, ஃபாலில் சேர்ந்தால் மட்டுமா?" இந்த நான்கு கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். டிரான்ஸ்ஃபர் ஸ்காலர்ஷிப்புகள் பலவும் ஃபால், அதாவது இலையுதிர்காலச் சேர்க்கையோடு கட்டப்பட்டவை. ஜனவரியில் சேர்ந்துவிட்டு அப்புறம் கேட்டால் அந்த வாசல் மூடியிருக்கும்.

பகுதிநேரமா முழுநேரமா என்பதுதான் வேலை பார்ப்பவரின் தலையாய பிரச்சினை. 12 கிரெடிட் என்றால் முழுநேரம், 6 என்றால் பாதி. தொகை பெரிதாக இருந்து 12 கிரெடிட் கேட்டால், அதற்காக வேலை நேரத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். குறைத்தால் போகும் சம்பளத்தையும், முதலாளி தரும் மருத்துவக் காப்பீடு போய்விடுமா என்பதையும் ஸ்காலர்ஷிப் தொகையிலிருந்து கழித்துப் பாருங்கள். 4,000 டாலர் ஸ்காலர்ஷிப்புக்காக 9,000 டாலர் சம்பளத்தை விடுவது எந்தக் கணக்கிலும் சரிவராது.

கம்யூனிட்டி காலேஜில் இருக்கும்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு, ஃபை தீட்டா கப்பாவில் சேர்வது. 1918இல் தொடங்கிய, இரண்டு வருடக் கல்லூரிகளுக்கான சிறப்பு மாணவர் அமைப்பு இது. பொதுவாக 12 கிரெடிட்டும் 3.5 ஜிபிஏவும் இருந்தால் அழைப்பு வரும். கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும். இதன் உறுப்பினருக்கென்றே டிரான்ஸ்ஃபர் ஸ்காலர்ஷிப் ஒதுக்கி வைத்திருக்கும் நான்கு வருடக் கல்லூரிகள் ஏராளம். வயது இங்கே ஒரு பொருட்டே இல்லை. உறுப்பினர் கட்டணம் உண்டு, ஒரே தடவை. காசு கேட்டால் ஓடு என்று பின்னால் சொல்லப் போகிறேன். இது அதில் சேராது, ஏனென்றால் உங்கள் கல்லூரியிலேயே கிளையும் ஆலோசகரும் இருப்பார்கள், நேரில் போய் விசாரித்துக்கொள்ளலாம். கட்டணம் கஷ்டம் என்றால் கிளையிடமே சொல்லிப் பாருங்கள்.

இதே இடத்தில் கிரெடிட் பற்றியும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க அரசின் கணக்குத் தணிக்கை அமைப்பு 2017இல் வெளியிட்ட அறிக்கை, டிரான்ஸ்ஃபர் மாணவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டில் 43 சதவீதத்தை இழக்கிறார்கள் என்று மதிப்பிட்டது. ஒரு வகுப்பைத் திரும்பப் படிப்பது என்றால் அதன் கட்டணத்தோடு ஒரு செமஸ்டரின் மாலைப் பொழுதுகளும் போகும். நியூஜெர்சியில் 2008 முதல் மாநிலம் தழுவிய ஒப்பந்தம் இருப்பதால், ஏஏ அல்லது ஏஎஸ் (கலை அல்லது அறிவியல் அசோசியேட்) பட்டத்தை முழுதாக முடித்துவிட்டு அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போனால் அந்தக் கிரெடிட்கள் கூடவே வரும். ஏஏஎஸ் என்ற தொழில்சார் பட்டத்துக்கு அந்தப் பாதுகாப்பு அதே மாதிரி இல்லை. பெயரில் ஒரே எழுத்து வித்தியாசம், செலவில் ஆயிரக்கணக்கான டாலர். பத்து ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் போடும் முன் டிரான்ஸ்ஃபர் ஆலோசகரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எந்த வகுப்பு எதுவாக மாறும் என்று எழுதி வாங்குவது அதிக லாபம்.

முதலாளி தரும் பணம்

வேலை பார்ப்பவருக்கு மட்டுமே திறந்திருக்கும் வழி இது, ஆனாலும் பலர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அமெரிக்க வரிச் சட்டத்தின் 127ஆம் பிரிவின்படி முதலாளி ஆண்டுக்கு 5,250 டாலர் வரை படிப்புக்குத் தந்தால் அதற்கு வரி இல்லை. அதனால்தான் பல நிறுவனங்களின் திட்டமும் அதே எண்ணில் நிற்கிறது. கட்டுரை வேண்டாம், சிபாரிசுக் கடிதம் வேண்டாம், போட்டியும் இல்லை. மனிதவளத் துறையிடம் திட்டத்தின் விதிமுறைத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் மூன்றைப் பாருங்கள்: முன்கூட்டியே கட்டுவார்களா அல்லது பாஸ் ஆன பிறகு திருப்பித் தருவார்களா, எந்தப் பாடத்துக்குத் தருவார்கள், வேலையை விட்டால் திருப்பிக் கேட்பார்களா. மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது. ஒன்றிரண்டு வருடம் இருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை சகஜம். பட்டம் வாங்கியதும் துறை மாற நினைப்பவருக்கு அது காலில் கட்டிய கல்.

மணிக்கணக்குச் சம்பள வேலையில் இருப்பவருக்குச் சில பெரிய நிறுவனங்கள் நல்ல திட்டம் வைத்திருக்கின்றன. ஸ்டார்பக்ஸ் 2014 முதல் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் பட்டத்துக்குக் கட்டணத்தை ஏற்கிறது, முதல் பட்டம் என்றால். படித்து முடித்த பிறகு அங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வால்மார்ட் 2018இல் தொடங்கிய திட்டத்தில் 2021 முதல் கட்டணமும் புத்தகமும் முழுதாகத் தருகிறது, பகுதிநேர ஊழியருக்கும் உண்டு. அமேசானின் திட்டம் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிடும். இவை எல்லாவற்றிலும் விட்டுக்கொடுக்க வேண்டியது, கல்லூரியை அவர்கள் பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க முடியும். ரட்கர்ஸ்தான் வேண்டும் என்பவருக்கு இது ஒத்துவராமல் போகலாம். எந்தக் கல்லூரியானாலும் பட்டம் வந்தால் போதும் என்பவருக்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

வயதும் இடைவெளியும் தகுதியாகும் இடங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. படிப்பு நடுவில் நின்றுபோனதை ஒரு குறையாகப் பார்க்காமல், அதற்காகவே பணம் ஒதுக்கிய அமைப்புகள்.

ஆஷர் ரீஎன்ட்ரி ஸ்காலர்ஷிப்பைப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோவில் 1977இல் தொடங்கிய பெர்னார்ட் ஆஷர் அறக்கட்டளை, தேர்ந்தெடுத்த பல்கலைக்கழகங்களிடம் நிதியைக் கொடுத்துவைத்திருக்கிறது. படிப்பில் மொத்தமாக ஐந்து வருடமாவது இடைவெளி விழுந்தவர், முதல் பட்டம் படிப்பவர், பொருளாதாரத் தேவை உள்ளவர், பெரும்பாலும் 25 முதல் 50 வயதுக்குள் இருப்பவர். ஆணா பெண்ணா என்பது முக்கியமில்லை. அறக்கட்டளைக்கு நேரடியாக எழுதிப் பயனில்லை. அந்தந்தப் பல்கலைக்கழகம்தான் தேர்வு செய்யும். ஆகவே உங்கள் பட்டியலில் இருக்கும் கல்லூரிகளில் எதில் இந்த நிதி இருக்கிறது என்று பார்ப்பதை, எங்கே விண்ணப்பிப்பது என்று முடிவு செய்யும் முன்பே செய்துவிடுங்கள். இரண்டு கல்லூரி சமமாகத் தோன்றினால் இது தராசைச் சாய்க்கலாம்.

பெண்களுக்கு இன்னும் சில. ஜெனட் ராங்கின் அறக்கட்டளை 35 வயதுக்கு மேற்பட்ட, குறைந்த வருமானமுள்ள பெண்களுக்கு. அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்வான முதல் பெண்மணி, 1916இல் மொன்டானாவிலிருந்து வென்றவர், தன் சொத்தில் விட்டுச் சென்ற பணத்தைக் கொண்டு 1976இல் தொடங்கியது. எடிசன் அக்காவின் வயதுக்குப் பொருந்தும். குடும்ப வருமானம்தான் தடையாகலாம். அவர்கள் போடும் வருமான அட்டவணையை முதலில் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

பி.ஈ.ஓ. என்ற பெண்கள் அமைப்பு 1869இல் அயோவாவில் ஏழு மாணவிகள் தொடங்கியது. வாழ்க்கையில் எப்போதாவது தொடர்ந்து 24 மாதமாவது படிப்பை விட்டிருந்த பெண்களுக்கு உதவித்தொகை தருகிறது. இதில் தனியாக விண்ணப்பிக்க முடியாது, உள்ளூர்க் கிளை ஒன்று உங்களைச் சந்தித்துப் பரிந்துரைக்க வேண்டும். கூச்சப்படுகிறவர்கள் இந்த இடத்தில் விலகிவிடுகிறார்கள். அது தேவையில்லை. உங்களோடு உட்கார்ந்து பேசுகிறவர்களில் பலர் படித்து, வேலை பார்த்து, குடும்பம் நடத்திய பெண்கள். எனக்கென்னவோ ஒரு படிவத்தைவிட அவர்களிடம் கதை சொல்வது சுலபம். ஆனால் குடியுரிமை பற்றிய விதி என்ன என்பதை க்ரீன் கார்டில் இருக்கும் நம் அக்கா முதலிலேயே கிளையிடம் கேட்டுவிட வேண்டும்.

சொரோப்டிமிஸ்ட் அமைப்பின் லிவ் யுவர் டிரீம் விருது, குடும்பத்தை முக்கியமாகத் தன் சம்பளத்தில் தாங்கும் பெண்ணுக்கு. கணவரை இழந்தவர், பிரிந்தவர், நோயாளிக் கணவரைப் பார்த்துக்கொள்பவர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் ஆகஸ்ட் 1 முதல் நவம்பர் 15 வரை. உள்ளூர் கிளையில் தொடங்கி மேலே போகும், உச்சத்தில் 16,000 டாலர் வரை கிடைக்கலாம். இதன் பெரிய சிறப்பு, பணத்தைக் கல்விக் கட்டணத்துக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கலாம், கார் ரிப்பேர் பார்க்கலாம், புத்தகம் வாங்கலாம். தனியாக நின்று குடும்பம் நடத்தும் பெண்ணின் படிப்பு பாதியில் நிற்பது பல சமயம் கட்டணத்தால் இல்லை, கார் நின்றுபோவதால்தான். அதைப் புரிந்துகொண்டு வைத்த விருது இது. குறைந்த வருமானத் தாய்மார்களுக்கு ஹவாயின் காங்கிரஸ் உறுப்பினராக இருந்த பாட்சி மிங்கின் பெயரிலும் ஓர் அறக்கட்டளை உண்டு. தொகை 5,000 டாலர் வரை, மிகச் சிலருக்கே.

இவற்றுக்கு எழுதும் கட்டுரையில் நம்மவர்கள் பெரும்பாலும் "நான் கடுமையாக உழைப்பவள், கல்வியே கண்" என்ற மாதிரி எழுதிவிடுகிறார்கள். படிப்பவருக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. "செவ்வாயும் வியாழனும் ஆறு மணிக்குக் கடையை மூடிவிட்டு ஏழு மணி வகுப்புக்குப் போகிறேன். மாத்திரை எண்ணிப் போடும் வேலையில் இன்ஷூரன்ஸ் கணக்கு எங்கே தவறுகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் அக்கவுண்டிங் மேல் ஆசை வந்தது" என்று எழுதினால் ஒரு மனுஷி தெரிகிறாள். அதோடு, மீதி 60 கிரெடிட்டை எந்த செமஸ்டரில் எத்தனை என்று எப்படி முடிப்பேன் என்ற திட்டத்தையும் நான்கு வரியில் சேருங்கள். பெரியவருக்குப் பணம் தருபவர்களின் பயமே இவர் முடிப்பாரா என்பதுதான்.

பெரிய தேசியப் பரிசு

ஜாக் கென்ட் குக் அறக்கட்டளையின் டிரான்ஸ்ஃபர் ஸ்காலர்ஷிப் ஆண்டுக்கு 55,000 டாலர் வரை. கம்யூனிட்டி காலேஜிலிருந்து போகிறவருக்கென்றே உள்ளது, வயது வரம்பு இல்லை, குடியுரிமையும் கேட்பதில்லை. அதனால் எச்-4இல் இருப்பவரும் பார்க்கலாம். ஆனால் ஜிபிஏ மிக உயர்வாக இல்லையென்றால் நினைக்க வேண்டாம், டிரான்ஸ்ஃபர் ஆன பிறகு முழுநேரம் படிக்க வேண்டும், நாடு முழுக்கவிருந்து மிகச் சிலரையே எடுக்கிறார்கள். ஜிபிஏ 3.9, முழுநேரம் படிக்கத் தயார், கட்டுரை எழுத இரண்டு வார இறுதி கிடைக்கும் என்றால் போடுங்கள். இல்லையென்றால் அந்த இரண்டு வார இறுதியையும் துறை ஸ்காலர்ஷிப்புகளுக்கு வையுங்கள்.

தேடல் தளங்களும் மோசடிகளும்

ஃபாஸ்ட்வெப், காலேஜ் போர்டின் பிக்ஃபியூச்சர் போன்ற தளங்கள் மோசடி இல்லை, ஆனால் பெரியவருக்கு வடிகட்டித் தருவதில் சுமார்தான். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஆதரவில் நடக்கும் கரியர்ஒன்ஸ்டாப் தேடல் எனக்குப் பிடித்தது, விளம்பரத் தொல்லை இல்லை. கட்டுரையே வேண்டாம், பெயரைக் கொடுத்தால் போதும் என்னும் ஸ்காலர்ஷிப்புகள் குலுக்கல். சட்டத்துக்கு உட்பட்டவைதான், ஆனால் அங்கே கொடுக்கும் தொலைபேசி எண்ணுக்கு அப்புறம் மாதக்கணக்கில் அழைப்பு வரும். போட்டே ஆக வேண்டும் என்றால் தனி மின்னஞ்சல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் இருக்கும் சமுதாய அறக்கட்டளை, கிரெடிட் யூனியன், ரோட்டரி கிளப், தொழிற்சங்கம் இவற்றின் 500, 1,000 டாலர் பரிசுகளை இந்தத் தளங்கள் பெரும்பாலும் விட்டுவிடும். விண்ணப்பிப்பவர் எண்ணிக்கையும் அங்கே குறைவு. நம் தமிழ்ச் சங்கங்களும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தரும் பரிசோடு, மறுபடி படிக்கத் துணிந்த ஒரு அம்மாவுக்கும் ஒரு அப்பாவுக்கும் ஆளுக்கு 1,000 டாலர் வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். சங்கக் கூட்டத்தில் யாராவது எழுந்து கேளுங்கள்.

மோசடியை அடையாளம் காண அமெரிக்க வணிக ஆணையம் பல வருடமாகச் சொல்லிவரும் வாசகங்கள் இன்றும் அப்படியே பொருந்துகின்றன. ஸ்காலர்ஷிப் நிச்சயம், கிடைக்காவிட்டால் பணம் வாபஸ். இந்தத் தகவல் வேறு எங்கும் கிடைக்காது. இதை உங்களுக்காக நிறுத்திவைக்கக் கிரெடிட் கார்டு எண் வேண்டும். நீங்கள் விண்ணப்பிக்காத போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டீர்கள். இவற்றில் எது வந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். தனியார் ஸ்காலர்ஷிப் எதுவும் விண்ணப்பக் கட்டத்தில் வங்கிக் கணக்கு எண் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. பெயரில் "நேஷனல்" அல்லது "ஃபெடரல்" இருப்பதும், முத்திரையில் கழுகு இருப்பதும் எதற்கும் அத்தாட்சி ஆகாது.

சந்தேகம் இருந்தால் பத்து நிமிடத்தில் சோதிக்கலாம். வருமான வரித்துறையின் வரிவிலக்கு அமைப்புகள் தேடலில் பெயரைப் போடுங்கள். அமைப்பு கிடைத்தால், புரோபப்ளிகா நடத்தும் இலவசத் தேடலில் அதன் 990 என்ற ஆண்டுக் கணக்குப் படிவத்தைத் திறங்கள். தனியார் அறக்கட்டளை என்றால் 990-பிஎஃப். கடைசி மூன்று வருடம் பாருங்கள். வந்த பணம் எவ்வளவு, அதில் மாணவருக்குப் போனது எவ்வளவு. சாதாரண 990இல் ஷெட்யூல் ஐ என்ற இணைப்பின் மூன்றாம் பகுதியில் தனிநபர்களுக்கு எத்தனை பேருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று இருக்கும். ஸ்காலர்ஷிப் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு அந்தக் கட்டம் வெறுமையாகக் கிடந்தால் உங்கள் நேரத்தை அங்கே தர வேண்டாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஆண்டுக்கு 50,000 டாலருக்குள் வசூலிக்கும் சிறிய அமைப்புகள் சுருக்கமான மின்படிவம் மட்டுமே போடும். அவற்றில் விவரம் இல்லாததால் மோசடி என்று முடிவு கட்டிவிடாதீர்கள், கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்தில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்று கேளுங்கள்.

யாருக்கு எது

வெளியிலிருந்து ஸ்காலர்ஷிப் வென்றால் கல்லூரி தன் பங்கைக் குறைத்துக்கொள்வது உண்டு. மேரிலாண்ட் 2017இல் இதைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டது, நியூஜெர்சி, கலிஃபோர்னியா உட்பட வேறு சில மாநிலங்களும் பின்னால் போட்டன. சட்டம் இல்லாத இடங்களில் கல்லூரியின் கொள்கைதான். கடனைக் குறைப்பார்களா, மானியத்தைக் குறைப்பார்களா என்று கேட்டுக்கொண்டு விண்ணப்பிக்கலாமா என்று முடிவெடுங்கள். மானியத்தில்தான் கை வைப்பார்கள் என்றால் வெளி ஸ்காலர்ஷிப்புக்கு உழைப்பதில் பொருளில்லை.

எடிசன் அக்காவுக்கு என் வரிசை: ஃபாஃப்சா, ரட்கர்ஸின் டிரான்ஸ்ஃபர் மற்றும் துறை ஸ்காலர்ஷிப், மருந்துக்கடை நிறுவனத்தின் 5,250, ஃபை தீட்டா கப்பா வழியாக வருபவை, உள்ளூர் அமைப்புகள் இரண்டு அல்லது மூன்று. பிறகு வரிக் கணக்கு போடும்போது, முதல் நான்கு வருடப் படிப்புக்கான 2,500 டாலர் வரிச் சலுகை கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பாதி நேரமாவது படிக்க வேண்டும், வருமான வரம்பும் உண்டு. முதலாளி கட்டிய அதே தொகைக்கு இதையும் சேர்த்துக் கேட்க முடியாது. அந்த நான்கு வருடத்தைத் தாண்டியவருக்கு 2,000 டாலர் வரை வேறொரு சலுகை.

ஊரில் பட்டம் முடித்தவருக்குப் பெல் இல்லை, ஆஷரும் ராங்கினும் இல்லை. அவருக்கு முதலாளியும் துறை ஸ்காலர்ஷிப்பும்தான் முதல். எச்-4இல் இருப்பவருக்குக் கல்லூரியின் சொந்தப் பணம், ஜிபிஏ நன்றாக இருந்தால் குக். தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு ஃபாஃப்சாவுக்கு அடுத்து சொரோப்டிமிஸ்ட். ஐம்பது வயதைத் தாண்டிய ஆணுக்கு வயதை வைத்துத் தரும் பணம் மிகக் குறைவு, அதை மறைத்துச் சொல்லிப் பயனில்லை. அவர் முதலாளியிடமும் தொழிற்சங்கத்திடமும்தான் கேட்க வேண்டும்.

காலக்கெடுவைப் பொறுத்தவரை, ஃபாலில் சேர்வதாக இருந்தால் அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுங்கள். ஃபாஃப்சா வழக்கமாக அக்டோபர் 1 அன்று திறக்கும். சிபாரிசுக் கடிதத்தை மட்டும் அதற்கு முன்பே பேசி வைக்க வேண்டும். மாலை வகுப்பு எடுப்பவர்களில் பலர் ஒப்பந்த ஆசிரியர்கள், அடுத்த செமஸ்டரில் அதே கல்லூரியில் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, நடுத்தேர்வு முடிந்த வாரத்தில் கேட்டுவிடுங்கள். அவருடைய சொந்த மின்னஞ்சலையும் வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரி மின்னஞ்சல் ஒப்பந்தம் முடிந்ததும் வேலை செய்யாமல் போகலாம்.